கழன்று கழன்று சேரும் ஹார்ட் டிஸ்க்: அவசரத்தில் செய்யக் கூடாதவை

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு ஹார்ட் டிஸ்க் இல்லாமல் வேலை ஓடாது. பொண்ணு வீடு இங்கே, மாப்பிள்ளை வீடு புனலூர் என்றால் டிஸ்க்கும் புளியரை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் போய் வரும். அப்படி அலைந்த டிஸ்க் ஒருநாள் லேப்டாப்பில் செருகியதும் வரும், பாதிக் காப்பியில் காணாமல் போகும், கொஞ்சம் அசைத்தால் திரும்ப வரும். "டிஸ்க் போச்சு" என்று அந்த நிமிஷமே தீர்ப்பு எழுதிவிட்டு ஃபார்மேட் பண்ணப் போவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. விட்டு விட்டுப் பிடிக்கும் டிஸ்க்கில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கரண்ட் வரும் வழியை.

அதற்கும் முன்னால் காதைக் கொடுங்கள். 'டக்... டக்...' என்று ஒரே தாளத்தில் தட்டினாலோ, சுற்ற ஆரம்பித்து நின்று மறுபடி ஆரம்பித்தாலோ, நல்ல கேபிளில் நேரடியாக ஒரே ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். அப்போதும் தட்டினால் கழற்றி வைத்துவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொண்டுபோங்கள். கீழே உள்ளதெல்லாம் சத்தம் ஒழுங்காக இருக்கும் டிஸ்க்குக்கு.

கைக்கு அடக்கமான 2.5 இன்ச் டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது. யூ.எஸ்.பி. தரும் 5 வோல்ட்டில்தான் எல்லாம் நடக்க வேண்டும். யூ.எஸ்.பி. 2.0 போர்ட்டின் கணக்கு 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட்டின் கணக்கு 900. டேட்டா பதியும் உள்தகடு சுற்றத் தொடங்கும் சில நொடிகளில் சில டிஸ்க்குகள் 1 ஆம்பியர் வரை இழுக்கும். அது கிடைக்காவிட்டால் டிஸ்க் துவண்டு, லேப்டாப் அதைக் கழற்றிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) மவுஸ், பென் டிரைவ், கார்டு ரீடரோடு டிஸ்க்கையும் சேர்த்து மாட்டுவது இதனால்தான் தவறு. மேஜைக்கு எட்டவில்லை என்று 2 மீட்டர் மெல்லிய கேபிள் வாங்குவதும் அப்படியே. நீளம் கூடக் கூட வோல்ட் இறங்கும். அரை மீட்டருக்குள் இருப்பதே நல்லது.

பலர் கவனிக்காத ஒன்று: டிஸ்க்கின் அகலமான மைக்ரோ-பி வாயில் பழைய செல்போன் சார்ஜர் கேபிளும் பாதிப் பக்கத்தில் கச்சிதமாக உட்காரும். வேலையும் செய்யும், ஆனால் 2.0 வேகத்தில், சார்ஜருக்கென்று செய்த கம்பியில். சொந்தக் கேபிள் தொலைந்துபோன வீடுகளில், சரியான கேபிளை மாட்டினாலே பாதிப் பிரச்சினை முடிந்துவிடும்.

சோதிக்கும்போது எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றாதீர்கள். எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். முதலில் போர்ட், பிறகு கேபிள், அப்புறம் வேறு லேப்டாப். ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கிலிருந்து 10 ஜி.பி. அளவில் ஒரு ஃபைலை லேப்டாப்புக்கு காப்பி செய்யுங்கள். டிஸ்க்குக்குள் எதையும் எழுத வேண்டாம்.

எப்போது கழல்கிறது என்பதும் துப்புதான். காப்பி ஓடும்போது கழன்றால் கரண்ட் அல்லது கேபிள். பத்து நிமிஷம் சும்மா இருந்தபின் கழன்றால் அது கரண்டை மிச்சம் பிடிக்கும் விண்டோஸின் சிக்கனம். டிவைஸ் மேனேஜரில் யூ.எஸ்.பி. ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், கரண்டை மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்ற வரியில் உள்ள டிக்கை எடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்டையும் நிறுத்துங்கள் (சில புது லேப்டாப்களில் இந்த வரி தென்படாது). கரண்ட் கட் ஆகும்போது மட்டும் கழன்றால் அது அடாப்டரில் ஓடும் 3.5 இன்ச் டிஸ்க்காக இருக்கும். லேப்டாப் பேட்டரியில் நிற்கும், டிஸ்க் நிற்காது. சாரல் காலத்தில் மின்சாரம் வந்து வந்து போகும் ஊரில் அந்த அடாப்டரை யு.பி.எஸ்.ஸில் மாட்டாமல் எடிட்டிங்குக்கு உட்காரக் கூடாது.

ஊகிக்க வேண்டாம் என்றால் நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைப் பாருங்கள். 157 என்ற எண் இருந்தால் டிஸ்க் சொல்லாமல் கழன்றது என்று பொருள், கேபிளைத் தேடுங்கள். 7 என்ற எண் கெட்ட பகுதியைச் சொல்கிறது. அது டிஸ்க்கின் நோய். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில், கெட்ட பகுதிகளை எண்ணும் 05, சி5, சி6 வரிகளின் மூல எண் (ரா வேல்யூ) பூஜ்யமாக இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஏறிக்கொண்டே போனால் வேறு வேலை வேண்டாம், டேட்டாவை எடுங்கள்.

எடுப்பதற்கு முன், டிஸ்க்கைச் சரிபார்க்கும் விண்டோஸ் கட்டளையான செக் டிஸ்க்கை (chkdsk) 'ஆர்' (/r) சேர்த்து ஓட்டுவது கொடுமையான தவறு. அது தகட்டின் மூலை முடுக்கெல்லாம் படிக்கும். தளர்ந்த டிஸ்க் அதிலேயே விழுந்துவிடலாம். ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல்தான் பதில். காப்பியும் மொத்தமாக வேண்டாம். திரும்ப எடுக்கவே முடியாத கல்யாண ஃபோல்டர் முதலில், சினிமாப் படங்கள் கடைசியில். உள்ளே இருப்பதைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டுவதும் எல்லா டிஸ்க்கிலும் நடக்காது: சிலவற்றில் யூ.எஸ்.பி. வாய் உள் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், சிலவற்றில் பெட்டியின் சிப்பே டேட்டாவைப் பூட்டி எழுதியிருக்கும். ஃப்ரீசரில் வைக்கச் சொல்லும் வைத்தியத்தைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். வெளியே எடுத்ததும் தகட்டில் ஈரம் கோக்கும்.

ஈரம் இந்தப் பக்கத்தில் எப்போதும் கூட இருப்பதுதான். கேமரா லென்ஸ் வைக்கும் காற்றுப் புகாத டப்பாவில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டிஸ்க்கையும் கேபிளையும் வையுங்கள். போர்ட்டில் தூசி என்றால் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பின்னில் படும். லேப்டாப்பை அணைத்துவிட்டு உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும்.

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்க்கைப் பிடுங்கிப் பையில் போடுவது மலைப்பாதையின் குலுக்கலைவிடக் கெடுதல். எஜெக்ட் கொடுத்து, கேபிளை உருவி, தகடு நிற்கப் பத்து நொடி மேஜையிலேயே விட்டு, பிறகு தூக்குங்கள்.