டிவி ஆன் ஆகவில்லையா? சிவப்பு லைட்டிலிருந்து தொடங்குங்கள்

வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், சுவரோடு ஒட்டி மாட்டிய டிவி கத்திரி நாட்களில் படும் பாடு பெரிது. அந்த வெயிலுக்குப் பிறகு சாயங்காலம் இடியோடு மழை, கரண்ட் கட், திரும்ப வரும்போது ஏறி இறங்கும் வோல்டேஜ். இதில் ஒருநாள் டிவி ஆன் ஆகாமல் போனால் "போர்டு போயிடுச்சு" என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமலே சரியாகும் கோளாறுகள் நிறைய உண்டு.

முதலில் பார்க்க வேண்டியது டிவியின் கீழ் ஓரத்தில் உள்ள ஸ்டாண்ட்பை லைட். அது எரிகிறதா, இல்லையா, விட்டு விட்டு மின்னுகிறதா என்பதை வைத்துத்தான் அடுத்த வேலை.

லைட்டே எரியவில்லை

பிளக் பாயிண்டில் டெஸ்டரை வைத்து, அது எரிந்ததும் "கரண்ட் இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். டெஸ்டர் ஃபேஸ் இருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். நியூட்ரல் ஒயர் விட்டுப்போயிருந்தாலும் அது எரியும். அதனால் அதே பாயிண்டில் ஒரு மேசை விளக்கையோ போன் சார்ஜரையோ செருகிப் பாருங்கள்.

அடுத்து, இடையில் உள்ள ஸ்டெபிலைசர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு டிவியை நேராகச் சுவர் பாயிண்டில் செருகுங்கள். வோல்டேஜ் வரம்பு தாண்டினால் ஸ்டெபிலைசர் தானே கரண்டை நிறுத்திவிடும். சில ஸ்டெபிலைசர்கள் கரண்ட் வந்த பிறகும் சில நிமிடம் காத்திருந்துதான் விடும். அது டிவி பழுது அல்ல.

பல டிவிகளில் பவர் ஒயர் பின்பக்கம் தனியாகக் கழன்று வரும், எட்டு வடிவ இரண்டு பின் ஒயர். சுவரில் மாட்டிய டிவியை அசைத்துத் துடைக்கும்போது இது அரைகுறையாக வெளியே வந்திருக்கும். கழற்றி அழுத்திச் செருகுங்கள். 24 இஞ்ச் போன்ற சின்ன டிவி என்றால் வெளியே அடாப்டர் இருக்கலாம். அதன் மேல் அச்சிட்ட வோல்டேஜ் மல்டிமீட்டரில் (வோல்டேஜ் அளக்கும் கருவி) வருகிறதா என்று பாருங்கள்.

சில மாடல்களில் ஸ்டாண்ட்பை லைட்டை செட்டிங்கில் அணைத்து வைக்க முடியும். அதனால் டிவியிலேயே உள்ள பட்டனையும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுங்கள். அது கீழே நடுவிலோ பின்பக்க ஓரத்திலோ இருக்கும்.

லைட் எரிகிறது, ஆனால் ஆன் ஆகவில்லை

போன் கேமராவை ரிமோட்டின் முனைக்கு நேராகக் காட்டி பவர் பட்டனை அழுத்துங்கள். ஊதா நிறப் புள்ளி மின்னினால் ரிமோட் வேலை செய்கிறது. பின் கேமராவில் தெரியாவிட்டால் முன் கேமராவில் பாருங்கள்.

ரிமோட் சரி என்றால் செட்டாப் பாக்ஸ், எச்டிஎம்ஐ, பென்டிரைவ், கேபிள் ஒயர் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பிளக்கையும் எடுத்துவிட்டு டிவி பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, வேறு எதையும் செருகாமல் பவரை மட்டும் கொடுங்கள். இதில் ஆன் ஆகி, எச்டிஎம்ஐ செருகியதும் மறுபடி நின்றுபோனால் கோளாறு அந்தப் போர்ட்டிலோ பாக்ஸிலோதான். இடி நேரத்தில் கேபிள் ஒயர் வழியாக வரும் அதிர்ச்சி எச்டிஎம்ஐ வழியே மெயின் போர்டைத் (படத்தையும் சத்தத்தையும் கையாளும் போர்டு) தாக்குவது உண்டு.

லைட் ஒரே எண்ணிக்கையில் திரும்பத் திரும்ப மின்னினால், எத்தனை முறை என்று எண்ணிக் குறித்து வையுங்கள். எந்தப் பகுதி பழுது என்பதற்கான குறியீடு அது. கம்பெனிக்கும் மாடலுக்கும் ஏற்ப மாறும்.

சத்தம் வருகிறது, திரை மட்டும் கறுப்பு

இதையும் "ஆன் ஆகவில்லை" என்றே சொல்வார்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் டிவி வேலை செய்கிறது, திரைக்குப் பின்னால் இருந்து வெளிச்சம் தரும் பேக்லைட் மட்டும் போயிருக்கிறது. உள்ளே எல்இடிகள் சீரியல் பல்பு மாதிரி வரிசையாக இணைந்திருக்கும். ஒன்று போனாலும் மொத்த வரிசையும் அணைந்துவிடும். ஸ்ட்ரிப்பை மாற்ற பேனலைக் கழற்ற வேண்டும். புதியவர்கள் அதைச் செய்ய வேண்டாம், பேனல் எளிதில் விரிசல் விடும்.

மூடியைத் திறக்கும் முன்

வாரண்டி இருந்தால் இதோடு நிறுத்திக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெத்தை விரித்த கட்டிலில் திரையைக் கீழே பார்க்க வைத்துத் திறக்கலாம். எந்த ஸ்க்ரூ எங்கே இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூ இடத்தில் முறுக்கினால் உள்ளே குத்திவிடும்.

பவர் போர்டில் (வீட்டுக் கரண்டை டிவிக்கு வேண்டிய வோல்டேஜாக மாற்றும் போர்டு) 400 அல்லது 450 வோல்ட் என்று அச்சிட்ட பெரிய கெப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் உருளை, இருக்கும். 230 வோல்ட் ஏசி அங்கே சுமார் 325 வோல்ட் டிசியாக நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது நிற்கலாம். அதுவும் பவர் போர்டு செத்த டிவியில்தான் ஆபத்து அதிகம், அதைச் செலவழிக்க ஆளில்லாததால் சார்ஜ் நீண்ட நேரம் தங்கும். மல்டிமீட்டரை 600 வோல்ட் டிசி அல்லது அதற்கு மேல் வைத்து, கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் அளந்து பாருங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் 2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள பிளேயரில் பிடித்து, கெப்பாசிட்டரின் அந்த இரண்டு காலிலும் 10 விநாடி வைத்துவிட்டு மீண்டும் அளங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள்.

பவர் போர்டில் என்ன பார்ப்பது

முதலில் கண்ணால். பல்லி செத்துக் கிடக்கிறதா, எறும்பு கூடு கட்டியிருக்கிறதா, கருகிய இடம் உண்டா. நம் ஊரில் இது அபூர்வம் அல்ல.

பிறகு ஃபியூஸ். பவர் ஒயர் நுழையும் இடத்தருகே இருக்கும், பெரும்பாலும் 3.15 ஆம்பியர், 250 வோல்ட். பிளக் பிடுங்கிய நிலையில் மல்டிமீட்டரை பஸ்ஸர் நிலையில் வைத்து ஃபியூஸின் இரு முனையிலும் தொடுங்கள், சத்தம் வந்தால் ஃபியூஸ் நல்லது. கண்ணாடி கறுத்துப் போயிருந்தால் பின்னால் எங்கோ ஷார்ட் என்று அர்த்தம். அதனருகில் 471 என்ற எண்ணோடு இருக்கும் தட்டையான வேரிஸ்டர் வெடித்திருக்கிறதா பாருங்கள். வோல்டேஜ் எகிறும்போது தான் செத்து மற்றதைக் காப்பாற்றுவது அதன் வேலை. இரண்டையும் அதே அளவில் மாற்றுங்கள். ஃபியூஸுக்குப் பதில் ஒயர் சுற்றுவது வீட்டையே கொளுத்தும் வேலை. மாற்றியதும் நேரடியாக பவர் கொடுக்காமல், 60 வாட் குண்டு பல்பை சீரிஸில், அதாவது கரண்ட் பல்பு வழியாகவே டிவிக்குப் போகும்படி, போட்டுப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தபடியே இருந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. எல்இடி பல்பு இதற்கு உதவாது.

ஃபியூஸ் நல்லது என்றால் வெளியீட்டுப் பக்கச் சின்ன கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். தலை உப்பியிருந்தால் அது போய்விட்டது. பல முறை அழுத்திய பிறகு ஆன் ஆவது, டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருவது, சூடேறிய பிறகு படம் வருவது எல்லாம் அதன் அறிகுறிகள். உள்ளிருக்கும் திரவத்தை வெப்பம் உலர்த்திவிடுகிறது. 1000 மைக்ரோ ஃபாரட் 25 வோல்ட் என்றால் அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் அல்லது சற்று அதிகம், 105 டிகிரி என்று அச்சிட்டதாக வாங்குங்கள். உயரத்தையும் அளந்துகொண்டு போங்கள், மெல்லிய டிவியில் உயரமானது மூடியில் இடிக்கும். மைனஸ் கால் மாறக் கூடாது.

கடைசியாக, பவர் கொடுத்து அளக்க வேண்டிய வோல்டேஜ். மெயின் போர்டுக்குப் போகும் கனெக்டரில் ஸ்டாண்ட்பை 5 வோல்ட் எப்போதும் இருக்க வேண்டும். ஆன் செய்ததும் 12 வோல்ட் வர வேண்டும். சில மாடல்களில் 12 வோல்ட் மட்டுமே இருக்கும், போர்டிலேயே எழுதியிருக்கும். 5 வோல்ட் குறைவாக இருந்தால் பவரை எடுத்துவிட்டு கனெக்டரைக் கழற்றி, மறுபடி பவர் கொடுத்து மீண்டும் அளங்கள். இப்போது சரியாக வந்தால் மெயின் போர்டு இழுத்துப் பிடிக்கிறது. அப்போதும் வராவிட்டால் பவர் போர்டுதான் பழுது. பேக்லைட் கனெக்டரைத் தொடாதீர்கள், 100 வோல்ட்டைத் தாண்டலாம்.

போர்டு மாற்றியும் மறுபடி போனால்

வீட்டில் ஒரு அறையில் பல்பு பளீரென்றும் இன்னொன்றில் மங்கலாகவும் எரிகிறதா? மூன்று ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் விட்டுப்போனால் இப்படி நடக்கும். டிவிக்கு 230க்குப் பதில் 400 வோல்ட் வரை போகக்கூடும். உடனே மெயினை அணைத்துவிட்டு, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்குப் புகார் கொடுங்கள். எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டர் பக்கத்து நியூட்ரல் இணைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். அது சரியாகும் வரை புது போர்டு போட வேண்டாம்.