பயோமெடிக்கல் முடித்துவிட்டு மருத்துவமும் படிக்க நினைப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

பயோமெடிக்கல் இன்ஜினியரிங் முடித்த தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "டாக்டருக்கும் படித்து இரண்டையும் சேர்த்துச் செய்யணும், எதில் சேரலாம்?" ரொம்ப நல்ல ஆசை. ஆனால் படிப்பின் பெயரை மட்டும் நம்பி இறங்கினால் வருடங்கள் வீணாகும்.

ஐஐடி கரக்பூரில் எம்எம்எஸ்டி (மாஸ்டர் ஆஃப் மெடிக்கல் சயின்ஸ் அண்ட் டெக்னாலஜி) என்று மூன்று வருடப் படிப்பு இருக்கிறது. பெயரிலேயே மருத்துவமும் தொழில்நுட்பமும் இருப்பதால் நமக்கென்றே ஆரம்பித்தது போலத் தோன்றும். அது எம்பிபிஎஸ் முடித்தவர்களுக்கானது. ஐஐடி மெட்ராஸ் 2023-ல் தொடங்கிய மருத்துவ அறிவியல், பொறியியல் பி.எஸ். படிப்போ பிளஸ் டூ முடித்து வருபவர்களுக்கு. அதைப் படித்தாலும் மருந்துச் சீட்டு எழுத முடியாது.

ஆங்கில வைத்தியம் பார்க்க வேண்டுமென்றால் நீட் எழுதி எம்பிபிஎஸ் சேர வேண்டும். பி.இ.யில் அனாடமி, பிசியாலஜி படித்தோமே, நேராக இரண்டாம் வருடத்தில் சேர்க்க மாட்டார்களா என்றால், மாட்டார்கள். நாலரை வருடம், அப்புறம் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன். கல்விக் கடன் பாக்கி இருப்பவர்கள் இதை வீட்டாரோடு உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

பிளஸ் டூவில் உயிரியல் எடுக்கவில்லை, வயதும் ஆகிவிட்டது என்று தாங்களாகவே ஒதுங்குவதும் தவறுதான். நீட்டுக்கு இருந்த வயது உச்சவரம்பை 2022-ல் எடுத்துவிட்டார்கள். உயிரியலைப் பிறகு கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் ஏற்போம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. ஆனால் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. அதை மேலோட்டமாகப் படித்துத் தேற முடியாது.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு, டாக்டர் பட்டம் உண்மையிலேயே தேவையா என்று கேட்டுக்கொள்ளாமல் விடுவது. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரை மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் உருவான இதய வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முயற்சிக்குத் தலைமை ஏற்ற எம்.எஸ். வலியத்தான் இதய அறுவை மருத்துவர். பக்கத்திலேயே பொறியாளர்கள் உட்கார்ந்து, எந்தப் பொருள் எவ்வளவு தேயும், எங்கே உடையும் என்று பார்த்தார்கள். முதல் மாதிரிகள் தோற்றன. மாற்றி மாற்றிச் செய்து, 1990 டிசம்பரில் நோயாளிக்குப் பொருத்தினார்கள். அந்தப் பொறியாளர்களின் வேலைதான் உங்களை இழுக்கிறது என்றால், ஐஐடி மெட்ராஸ், வேலூர் சிஎம்சி, ஸ்ரீ சித்திரை மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக்கைப் பாருங்கள். மருத்துவமனைக்குள்ளேயே பயிற்சி உண்டு.

சரி, நோயாளியை நானே பார்க்கணும் என்பவர்கள் எம்பிபிஎஸ் சேருங்கள். சேர்ந்தபின் பொறியியலைக் கைவிட்டுவிடாதீர்கள். மருத்துவ மாணவர்களுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தரும் இரண்டு மாத ஆய்வு உதவித்தொகைக்கு, உங்கள் கோடிங்கும் சிக்னல் பிராசஸிங்கும் உதவுகிற தலைப்பாக எடுங்கள். எம்பிபிஎஸ் கையில் வந்ததும் கரக்பூர் எம்எம்எஸ்டிக்கு விண்ணப்பிக்கலாம்.