சின்னக் கணினிக்குக் குரல் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ராஸ்பெர்ரி பை மாதிரி ஒரு சின்னக் கணினியை வாங்கிய கையோடு, பார்வையற்ற நண்பர்கள் என்னிடம் கேட்பது, "எந்தக் குரல் இனிமையா இருக்கும்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு: விசையை அழுத்தினால் எவ்வளவு சீக்கிரம் பேசுகிறது? நாள் முழுக்கத் திரைவாசிப்பானோடு, அதாவது திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளோடு, வேலை செய்பவருக்கு இனிமையைவிட இதுதான் முக்கியம்.

மாதிரி ஒலியை நாலு வரி கேட்டுவிட்டு முடிவெடுப்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. பைப்பர் போன்ற நரம்பியல் வலைக் குரல்கள் மனிதர் பேசுவது போலவே இருக்கும். ராஸ்பெர்ரி பை 4-இல் நன்றாக ஓடும்படி உருவாக்கப்பட்டதுதான் பைப்பர். கதை, கட்டுரை வாசிக்க அருமை. ஆனால் கோப்புகள் நிறைந்த ஒரு அடைவில் கீழ் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வலை கனமான கணக்குப் போட்டு ஒலியைப் புதிதாக உருவாக்க வேண்டும். விரல் ஒன்பதாவது கோப்பில் நிற்கும்போது காதில் ஆறாவது பெயர் விழும். குரலை நம்பி என்டர் தட்டினால் வேறு கோப்பு திறந்துகொள்ளும். பழைய பை 3, ஜீரோ வகைகளில் இந்தத் தாமதம் இன்னும் மோசம்.

ஈஸ்பீக் என்.ஜி. என்ற பேச்சு மென்பொருள் அப்படியில்லை. அது மனிதக் குரல் பதிவுத் துண்டுகளை ஒட்டவைத்துப் பேசுவதில்லை. விதிகளைக் கொண்டு லேசான கணக்கிலேயே ஒலியை எழுப்புகிறது. சில மெகாபைட்டுகளுக்குள் தமிழ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் அதில் இருக்கின்றன. விசையைத் தட்டியதும் பேசும், அடுத்ததைத் தட்டியதும் நிறுத்தும். "இயந்திரம் மாதிரி பேசுகிறதே" என்று முதல் மணி நேரத்திலேயே அதைத் தூக்கிப் போடாதீர்கள். நிமிடத்துக்கு 175 சொற்கள் என்ற இயல்பு வேகத்தில் தொடங்கி, இரண்டு நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்கள். 350 சொற்களைத் தாண்டினாலும் எழுத்துகள் குழையாமல் விழும். நான் வேலைக்கு ஈஸ்பீக், புத்தகத்துக்குப் பைப்பர் என்று இரண்டையும் வைத்திருக்கிறேன். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே.

தமிழ் வாசிக்குமா என்று பார்க்காமல் நிறுவுவதும் அடிக்கடி நடக்கிறது. எஸ்வாக்ஸ் பிக்கோ என்ற பேச்சு மென்பொருள் சிறியது, கேட்க இதமானது. ஆனால் அது பேசுவது ஐந்து ஐரோப்பிய மொழிகள் மட்டும்.

அடுத்தது, ஒலி வெளியே வரும் வழி. குரலையே குறை சொல்கிறோம், கோளாறு பல நேரம் இங்கேதான். பை 4-இல் ஹெட்போன் துளை உண்டு. பை 5-இலும் ஜீரோவிலும் இல்லை. எச்.டி.எம்.ஐ. வழியாக ஸ்பீக்கர் இல்லாத திரைக்கு ஒலி போய்க்கொண்டிருந்தால், கணினி பேசுகிறது, நமக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். புளூடூத் ஹெட்போன் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். இணைப்பு கிடைக்கும்வரை மௌனம் வேறு. கம்பியுள்ள ஒரு யு.எஸ்.பி. ஒலி அட்டை போதும்.

அந்த அட்டையிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. சில நொடிகள் ஒலி இல்லாவிட்டால் மின்சாரம் மிச்சப்படுத்த அது உறங்கப் போகலாம். மறுபடி விழிக்கும்போது முதல் அசை விழுங்கப்படும். தேர்வுப் பெட்டி ஒன்றில் ஸ்பேஸ் தட்டுகிறீர்கள். ஓர்கா என்ற திரைவாசிப்பான் "நாட் செக்டு" (தேர்வாகவில்லை) என்கிறது. 'நாட்' போய், காதில் விழுவது "செக்டு". அர்த்தமே தலைகீழ்! ஒலி அமைப்பில் இந்த உறக்க நேரத்தை அணைத்து வைப்பதை நான் ஒருபோதும் தள்ளிப்போடுவதில்லை.

லினக்ஸ் இயங்குதளத்தில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத் திரைக்கு ஸ்பீக்கப், வரைகலைத் திரைக்கு ஓர்கா என்று இரண்டு திரைவாசிப்பான்களையும் ஒன்றாக ஏற்றுபவர்கள் கவனிக்க வேண்டும். ஒன்று ஒலி அட்டையைப் பிடித்துக்கொண்டால் மற்றது ஊமையாகிவிடும். எது அதிகம் தேவையோ அதை முதலில் சரியாக அமைத்து, சில நாள் பயன்படுத்திவிட்டு இன்னொன்றைச் சேருங்கள்.

முதல் தொடக்கத்துக்குப் பார்வையுள்ள ஒருவரைத் தேடிக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ராஸ்பெர்ரி பை ஓ.எஸ். டெஸ்க்டாப்பில் கன்ட்ரோல், ஆல்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஓர்காவை நிறுவிக்கொள்ளலாம். சாதாரண மினி பி.சி.யில் டெபியன் என்ற லினக்ஸ் வகையை நிறுவும்போது, தொடக்கப் பட்டியலில் 'எஸ்' அழுத்தி என்டர் தட்டினால் நிறுவியே பேசத் தொடங்கும்.

கடைசியாக, குரல் ஒருநாள் நின்றுபோனால் உள்ளே நுழைய வேறு கதவு வேண்டும். வேறு கருவியிலிருந்து வலைவழியாக உள்ளே நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். வசதியை முதல் நாளே திறந்து வையுங்கள். பேசும் இன்னொரு கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ நுழைந்து சரிசெய்யலாம். எல்லாம் ஒழுங்காகப் பேசும் நிலையில் மெமரி கார்டை அப்படியே நகலெடுத்து, பெரிய அப்டேட் போடும் முன் அந்த நகல் கார்டு ஒருமுறை பேசுகிறதா என்று கேட்டுப் பார்த்துவிடுங்கள்.