கொள்ளளவைக் குடிநீராக எண்ணலாமா? சென்னையின் நீர்த் திட்டமிடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 11.25 டி.எம்.சி. என்பது சென்னைக் குடிநீரைப் பற்றிய பேச்சில் முதலில் வந்துவிடும் கணக்கு; முதல் தவறும் அங்கேதான் இருக்கிறது. ஒரு டி.எம்.சி. என்பது சுமார் 2,830 கோடி லிட்டர். நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் வழங்கினால் அது 28 நாட்களில் தீர்ந்துவிடும். ஆவியாகிப் போவதையும் அடியில் எடுக்க இயலாமல் தேங்குவதையும் கழிக்காமலே பார்த்தாலும், நான்கு ஏரிகளும் நிரம்பிய நிலையில் இருப்பு ஓராண்டு தாங்காது. எனவே, ஒரே ஒரு வடகிழக்குப் பருவமழை பொய்த்தாலும் அடுத்த கோடையில் ஏரியின் தரை தெரிந்துவிடும். 2019 ஜூனில் அதுதான் நடந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

அதைவிடப் பெரிய தவறு, நீராதாரங்களை வெறும் எண்ணிக்கையாகக் கூட்டுவது. ஆந்திரத்துடன் செய்த 1983ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி கிருஷ்ணா நீர் ஆண்டுக்கு 12 டி.எம்.சி. வர வேண்டும், 1996இல் வரத் தொடங்கிய அந்நீர் ஒப்பந்த அளவைவிடக் குறைவாகவே வருகிறது. 2004 முதல், காவிரி நீரைப் பெறும் வீராணம் ஏரியிலிருந்து நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரையில் குழாயில் கொண்டுவர வசதி உண்டு. ஆனால் கிருஷ்ணா, காவிரி இரண்டும் பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையை நம்பியவை. நகரத்தின் ஏரிகளோ வடகிழக்கு மழையை நம்பியவை. 2018இல் காவிரியின் மேட்டூர் அணை நிரம்பியதால் மறு ஆண்டு ஏரிகள் வறண்டபோதும் வீராணம் கைகொடுத்தது. 2016இல் காவிரியும் குறைந்து வடகிழக்கு மழையும் பொய்த்ததால் 2017இல் வீராணமும் வறண்டுபோயிற்று. எத்தனை ஆதாரங்கள் உள்ளன என்பதை மட்டும் பார்த்தால் 2017, 2019 ஆகிய இவ்விரு ஆண்டுகளும் ஒன்றுபோலத் தோன்றும். எவை எவை ஒரே ஆண்டில் சேர்ந்து கைவிடும் என்று பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும்.

மழையைச் சாராதது கடல்நீர்தான். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் ஆலைகள் வந்தன. 2024இல் நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டர் திறனுள்ள இன்னொன்று சேர்ந்தது. மின்சாரத்தைக் கொட்டி உப்பு நீக்கிய அந்நீரைக் கசியும் குழாய்களிலும், பெரும்பாலும் மீட்டர் இல்லாத வீட்டு இணைப்புகளிலும் விடுவது, என் பார்வையில், ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதே. தேவையை அளக்காமல் ஆலையின் அளவை மட்டும் எப்படி முடிவு செய்வது?

கழிவுநீரைக் கணக்கில் கடைசியில் வைப்பதும் தவறு. மக்கள் பயன்பாடு கூடும்போது தானும் கூடும் ஆதாரம் அது ஒன்றே. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்ப முடிகிறது. அந்த அளவுக்கு நன்னீர் வீடுகளுக்கு மிஞ்சுகிறது.

வெள்ளத்தையும் வறட்சியையும் தனித்தனிக் கோப்புகளில் வைக்கும் பழக்கமும் மாற வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கும் 2019 வறட்சிக்கும் இடையே நான்கு ஆண்டுகள்கூட இல்லை.

இறுதியாக, கணக்கிலேயே வராத ஆதாரம் ஒன்று உண்டு: புறநகர்க் கிராமங்களின் வயல் கிணறுகள். லாரிகள் அங்கிருந்து எடுத்துச் செல்லும் நீருக்கு முறையான அளவீடு இல்லை. அக்கிணறு அடுத்த ஆண்டு எவ்வளவு தாங்கும் என்றும் எவரும் எழுதி வைப்பதில்லை. ஆனாலும் 2019 கோடையில் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தொட்டிகள் நிறைந்தது அந்நீரால்தான்.