இயந்திரம் வரும் முன்னே, விதி வரும் பின்னே: சுரங்கத்தில் புதுத் தொழில்நுட்பத்தை இறக்கும் முறை

நிலத்தடிச் சுரங்கத்துக்கு பேட்டரி லோடரோ (உடைத்த பாறையை அள்ளிச் செல்லும் வண்டி) மோதல் தடுப்புக் கருவியோ வாங்கும்போது, கையிலிருக்கும் விதிப்புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் போகலாம். அதனால் தடையில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. விதி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவும் முடியாது. தென்னாப்பிரிக்காவில் வண்டி மோதல் தடுப்பு விதிகள் 2015-இல் வெளியாயின. ஓட்டுநர் கவனிக்காவிட்டால் டீசல் வண்டி தானே வேகம் குறைந்து நிற்க வேண்டும் என்ற பிரிவு 2022 டிசம்பரில்தான் அமலுக்கு வந்தது. அப்படிப்பட்ட இடைவெளியை அடைக்கும் பொறுப்பு சுரங்க நிர்வாகத்துக்கும் பாதுகாப்பு அதிகாரிக்கும்தான். செய்ய வேண்டியவை இவை.

ஒவ்வொரு விதியும் எந்த ஆபத்துக்காக வந்தது?

முதல் வேலை ஓர் அட்டவணை. பொருந்தும் விதியின் எண், அது எந்த ஆபத்தைத் தடுக்க எழுதப்பட்டது, புதிய இயந்திரம் அந்த ஆபத்தை நீக்குகிறதா, மாற்றுகிறதா, கூட்டுகிறதா, என்ன செய்யப் போகிறோம், யார் பொறுப்பு. இதை மேஜையில் உட்கார்ந்து தனியாக எழுதாதீர்கள். வென்டிலேஷன் அதிகாரி, எலெக்ட்ரீஷியன், ஓட்டுநர், தொழிலாளர் பிரதிநிதி நால்வரும் உடன் இருக்க வேண்டும்.

டீசல் லோடருக்குப் பதில் பேட்டரி லோடர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கனடாவின் ஒன்டாரியோ மாகாண விதி, டீசல் எஞ்சினின் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் விநாடிக்கு 0.06 கனமீட்டர் காற்று கேட்கிறது. 200 கிலோவாட் லோடருக்கு 12 கனமீட்டர். பேட்டரி வண்டிக்கு இந்தக் கணக்கு பூஜ்யமாகிவிடும். ஃபேனைக் குறைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஆசையும் கூடவே வரும். ஆனால் அந்த 12 கனமீட்டர் காற்று டீசல் புகையோடு தூசியையும், வெடிப்புப் புகையையும், பாறைச் சூட்டையும் சேர்த்தே வெளியேற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் தேவையான காற்றைத் தனித்தனியே கணக்கிடுங்கள். அவற்றுள் பெரிய எண் எதுவோ, அதற்குக் கீழே போகக் கூடாது.

பேட்டரி தன் பங்குக்குப் புது ஆபத்தையும் கொண்டுவருகிறது. லித்தியம் அயன் செல் கட்டுக்கடங்காமல் சூடேறினால் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் ஃபுளோரைடு எல்லாம் வெளியே வரும். அணைந்துவிட்டது என்று நினைத்த தீ மணிக்கணக்கில் கழித்து மறுபடி பற்றும். எனவே சார்ஜிங் இடத்தின் காற்று எந்த வேலையிடத்தையும் தொடாமல் நேரே ரிட்டர்ன் காற்றுப்பாதைக்கு (பயன்படுத்திய காற்று சுரங்கத்தைவிட்டு வெளியேறும் வழி) போக வேண்டும்.

சென்சார் விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அகச்சிவப்பு மீத்தேன் சென்சாரால் ஹைட்ரஜனைக் காணவே முடியாது. மின்வேதி கார்பன் மோனாக்சைடு சென்சாரோ ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடாகக் காட்டும். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜனால் இந்தச் சென்சார் வீணாக அலறும். யாராவது அலாரம் அளவை உயர்த்தி வைப்பார்கள். பிறகு உண்மையாகவே தீப்பிடிக்கும்போது அலாரம் தாமதமாகத்தான் அடிக்கும். ஹைட்ரஜன் பாதிப்பைக் கழித்துக் காட்டும் சென்சாரை வாங்குங்கள். தனி ஹைட்ரஜன் சென்சாரைக் கூரையை ஒட்டிப் பொருத்துங்கள். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் வெடிக்கும்; ஹைட்ரஜனோ 4 சதவீதத்திலேயே தொடங்கிவிடும்.

சான்றிதழின் கடைசி எழுத்து வரை படியுங்கள்

வெடிவாயு உள்ள சுரங்கத்துக்கு வரும் மின்கருவியின் சான்றிதழில் குரூப் 1 என்று இருக்க வேண்டும். ரசாயன ஆலைக்கான குரூப் 2 கருவி இங்கே செல்லாது. குரூப் 1 கருவியின் மேற்பரப்பு, நிலக்கரித் தூசி படியக்கூடிய இடத்தில் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. படியாத இடத்தில் 450 டிகிரி. சான்றிதழ் எண்ணின் இறுதியில் 'எக்ஸ்' (X) எழுத்து இருந்தால் பயன்பாட்டுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு என்று பொருள். அந்த நிபந்தனைகளை அப்படியே பராமரிப்புப் பட்டியலில் ஏற்றுங்கள்.

நிற்கும் தூரத்தைக் கணக்கிட்டு, பிறகு அளந்து பாருங்கள்

மோதல் தடுப்புக் கருவியின் எச்சரிக்கை வளையத்தை, அதாவது வண்டியைச் சுற்றி ஆள் வந்தால் கருவி எச்சரிக்கும் எல்லையை, விற்பவர் சொல்லும் எண்ணில் வைக்காதீர்கள். மணிக்கு 10 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 2.8 மீட்டர். கருவி கண்டறிந்து பிரேக் பிடிக்க 1 விநாடி ஆனால் 2.8 மீட்டர் போய்விடும். பிரேக் விநாடிக்கு விநாடி 2 மீட்டர் வேகத்தைக் குறைத்தால் இன்னும் 1.9 மீட்டர். மொத்தம் 4.7. இது சமதளக் கணக்கு. 8 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் பாதையில் அதே பிரேக்குக்கு 1.9 மீட்டர் சுமார் 5 மீட்டராகிவிடும். தானியங்கி பிரேக் இல்லாமல், அலாரம் கேட்டு ஓட்டுநர் மிதிக்க வேண்டும் என்றால், அவருக்கு 2.5 விநாடி கொடுத்து இன்னும் 7 மீட்டர் சேருங்கள். முழுச் சுமையோடு, ஈரத் தரையில், சுரங்கத்தின் மிகச் செங்குத்தான இறக்கத்தில் ஓட்டி அளந்த பிறகே எண்ணை முடிவு செய்யுங்கள்.

சோதனையில் ஆளை நிறுத்தவே கூடாது. டேகை (வண்டியிலுள்ள கருவி ஆளைக் கண்டறிய அவர் அணியும் சிறு கருவி) ஒரு மரக்கம்பில் கட்டி, வண்டியின் நான்கு பக்கமும் நான்கு மூலையும் நீட்டிப் பாருங்கள். நின்ற உயரம், குனிந்த உயரம், டேக் பேட்டரி தீரும் நிலை, இரண்டு டேக் சேர்ந்திருப்பது என எல்லாவற்றையும் சோதியுங்கள். காந்தப்புலத்தால் தூரம் அறியும் கருவி என்றால், பக்கத்தில் பவர் கேபிளோ இரும்பு வலையோ இருக்கும்போது வளையத்தின் வடிவமே மாறிப்போகும்.

ஒருவர் உடம்பில் மாட்டும் எல்லாக் கருவிகளையும் ஒன்றாக மாட்டிச் சோதிப்பதும் கட்டாயம். அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் 2014 தூசி விதியின்படி சில வேலைகளில் இருப்போருக்குத் தூசியை இடைவிடாது அளக்கும், உடம்பில் மாட்டும் தூசிமானி வந்தது. 2015 விதியின்படி, நிலக்கரியை வெட்டியெடுக்கும் கண்டின்யூவஸ் மைனர் இயந்திரத்துக்கு அணுகல் எச்சரிக்கை முறை வந்தது. தூசிமானியின் மின்காந்த இரைச்சல், பக்கத்திலிருந்த எச்சரிக்கை டேகைக் குழப்பியது. இரண்டுமே நல்ல விதிகள்தான். இரண்டும் சந்திக்கும் இடத்தை வேலையிடத்தில்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

கருவியை வாங்கும் முன்பே சுரங்க ஆய்வாளரிடம் போங்கள்

பழைய விதி குறுக்கே நின்றால் விலக்கு கேட்க வழி இருக்கும். அமெரிக்காவின் 1977 சுரங்கச் சட்டத்தில், மாற்று முறை எப்போதும் அதே அளவு பாதுகாப்பைத் தருகிறது என்று காட்டி விண்ணப்பிக்கப் பிரிவு 101(சி) உள்ளது. எந்த நாட்டிலும் ஆய்வாளர் எதிர்பார்க்கும் ஆதாரம் ஏறக்குறைய இதுதான். மேலே சொன்ன அட்டவணை, சான்றிதழ்கள், சோதனை அளவுகள், கருவி செயலிழந்தால் வண்டி எப்படி நிற்கும் என்ற விளக்கம் ஆகியவற்றோடு போங்கள். ஆளில்லா வண்டி என்றால் ஐ.எஸ்.ஓ. 17757 தரத்தை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு

சாஃப்ட்வேர் பதிப்பு மாறினால் இயந்திரம் மாறியதாகவே கொள்ளுங்கள்: பதிப்பு எண்ணைப் பதிவேட்டில் எழுதி, மரக்கம்புச் சோதனையை மறுபடி செய்த பிறகே வண்டியை வேலைக்கு விடுங்கள். தொலைவிலிருந்து நிறுவனம் தானாக அப்டேட் செய்யும் வசதியை ஒப்பந்தத்திலேயே மூடிவிடுங்கள்.

வீண் அலாரங்களை ஷிஃப்ட் வாரியாக எண்ணுங்கள். அவை கூடும்போது டேகைக் கழற்றி வைப்பவர்களைத் தண்டிப்பதால் பயனில்லை. வளையத்தை இடத்துக்கேற்ப மாற்றுங்கள், அல்லது ஆட்கள் நடக்கும் பாதையை வண்டிப் பாதையிலிருந்து பிரியுங்கள்.

இப்படி உங்கள் சுரங்கத்துக்காக நீங்களே எழுதிய உள்விதிக்கு ஒரு காலாவதித் தேதி போடுங்கள். 12 மாதம் சரியாக இருக்கும். அந்தத் தேதியில் சேர்ந்த அளவுகளையும் தப்பிய விபத்துகளையும் வைத்துத் திருத்தி எழுதி, ஒரு பிரதியை ஒழுங்குமுறை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வரைவு விதி கருத்துக் கேட்புக்கு வெளியாகும்போது உற்பத்தியாளர்களின் விளம்பர எண்களோடு உங்கள் இறக்கத்தில், உங்கள் ஈரத் தரையில் அளந்த எண்களும் மேஜையில் இருக்க வேண்டும்.