சீலை ஹூட்டைக் கழுவுவதும் காப்பதும்: வன்னி வெயிலுக்கும் மாரிக்கும்

பழைய ஜீப் வைத்திருக்கிற ஆட்கள் எஞ்சினைப் பற்றிக் கதைப்பார்கள், டயரைப் பற்றிக் கதைப்பார்கள், மேலே மூடுகிற துணிக் கூரையான ஹூட்டைப் பற்றி ஒருவரும் கதைக்க மாட்டார்கள். ஐப்பசியில் முதல் மழை தலையில் ஒழுகினால்தான் அந்த நினைப்பே வரும், அந்த நேரம் பார்த்து ஹூட் தைக்கிற குஷன் கடையில் வேலை குவிந்து கிடக்கும். எங்களிடம் இருப்பது அப்பா வாங்கிய ஜீப். வட்டக்கச்சியில் வயலுக்கும் பரந்தன் சந்தைப் பக்கமும் ஓடுகிற வாகனம், மேலே கன்வஸ் சீலை. இதுவரை மூன்று ஹூட் மாற்றிவிட்டோம். முதல் இரண்டும் பழசாகிப் போகவில்லை, கழுவத் தெரியாமலும் காயவைக்காமலும் நாங்களே கெடுத்தவை. மூன்றாவது இப்போதும் உறுதியாக நிற்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ஹூட் என்ன துணி என்று பாருங்கள். மேலே வழவழப்பாக, அடியில் மட்டும் துணி தெரிந்தால் அது ரெக்சின். ஓட்டோ ஹூட் பெரும்பாலும் இந்த இனம்தான். இரண்டு பக்கமும் நெசவு தெரிந்தால் கன்வஸ். அதிலும் பருத்தியா செயற்கை நூலா என்று அறிய, மடித்துத் தைத்த விளிம்பிலிருந்து ஒரு நூலை இழுத்து, வாகனத்துக்குத் தள்ளி நின்று நெருப்புக் காட்டுங்கள். கடதாசி எரிகிற மணத்தோடு சாம்பலானால் பருத்தி, உருகிக் கட்டியானால் செயற்கை. வெளிநாட்டில் ஓடுகிற கூரை மடக்குகிற கார்களில் பல, மேலே அக்ரிலிக் துணி, நடுவில் றப்பர், உள்ளே இன்னொரு துணி என்று மூன்று படையாகச் செய்த கூரையோடு வருகின்றன. கழுவுகிற முறை அவற்றுக்கும் ஏறக்குறைய இதுதான்.

துணிக்கு எங்கள் பக்கத்தில் பெரிய எதிரி கிரவல் தூசி. வைகாசியில் சோளகக் காற்று எழும்பினால் ஒழுங்கைக்குள் நிற்கிற வாகனத்துக்குமேலும் செம்மண் படியும். அந்த மண் நெசவுக்குள் இறங்கி, ஜீப் குலுங்குகிற ஒவ்வொரு தடவையும் அரம் மாதிரி நூலை அறுக்கும். அதனால் தண்ணீரைத் தொடுவதற்கு முன்னம் தூசியைக் காய்ந்தபடியே எடுத்துவிட வேண்டும். ஹூட்டை இழுத்துக் கட்டி, உள்ளிருந்து கையால் மெல்லத் தட்டி, பிறகு மெல்லிய பிரஷால் நெசவுப் பக்கமாகவே தள்ளுங்கள். தூசியோடு தண்ணீர் ஊற்றினால் அது சேறாகி உள்ளே போய் இருந்துவிடும், அதன்பிறகு எத்தனை வாளி ஊற்றினாலும் அந்தச் சிவப்பு போகாது. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் தூசி மட்டும் தட்டினால் காணும். அடிக்கடி சவர்க்காரம் போட்டுக் கழுவத் தேவையில்லை, வருடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை போதும். நான் சிறுபோக வெட்டு முடிந்து, மழைக்கு முன்னம், ஆவணி புரட்டாசியில் கழுவுகிறேன். வெயிலும் காற்றும் அப்போது இருக்கும், துணிக்குள் தண்ணீர் இறங்காமல் மழை காப்பு அடிக்கவும் நாள் கிடைக்கும்.

கழுவுகிற நாளில் விடியவே தொடங்குங்கள். சூடேறிய துணியில் சவர்க்காரம் காய்ந்து வட்டம் வட்டமாக நிற்கும். அழுக்கு ஒரு மூலையில் மட்டும் இருந்தாலும் கூரை முழுவதையும் நனையுங்கள், ஒரு இடத்தை மட்டும் நனைத்தால் அந்த இடம் தனியாகத் தெரியும். குழந்தைக்குப் போடுகிற மாதிரி மென்மையான சவர்க்காரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சமாகக் கரைத்து, மெல்லிய பிரஷில் தொட்டு, ஒரு முழம் ஒரு முழமாகத் தேயுங்கள். தும்புக்கட்டை வேண்டவே வேண்டாம், அதால் உரஞ்சினால் துணி மயிர்விட்டு எழும்பும். சவர்க்காரத் தூளும் கூடாது, அதன் காரம் துணியில் இருக்கிற மழை காப்பை எடுத்துவிடும்.

சேர்விஸ் நிலையத்துப் பிரஷர் தண்ணீர் ஹூட்டுக்குக் கூடாது. எங்கள் இரண்டாவது ஹூட்டுக்கு ஒரு இடத்தில் அப்படி அடித்தார்கள், அன்றைக்குப் பளிச்சென்று இருந்தது, அடுத்த மாரியில் தையல் துளை ஒவ்வொன்றாலும் தண்ணீர் வந்தது. மூன்று படைத் துணியாக இருந்தால் படை பிரிந்துகூடப் போகும். வாளியும் கையும், இல்லாவிட்டால் தோட்டத்துப் பைப்பில் மெல்லிய தண்ணீர், அவ்வளவுதான்.

நுரை ஒரு சொட்டும் வராத வரைக்கும் அலசுங்கள். உள்ளே தங்குகிற சவர்க்காரம் மழைத் தண்ணீரைத் துணிக்குள் இழுக்கும், தூசியையும் பிடித்து வைக்கும். கழுவின ஹூட் முன்னையைவிட மோசமாக ஒழுகுகிறது என்று சிலர் சொல்வதற்கு அநேகமாக இதுதான் காரணம். இன்னொன்று, குழாய்க் கிணற்றுத் தண்ணீர் எங்கள் பக்கத்தில் பல இடங்களில் சுண்ணாம்புத் தண்ணீர், கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அது கறுப்புக் கன்வஸில் வெள்ளைப் பூவாகக் காயும். கடைசி அலசலுக்கு மட்டும் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இரண்டு வாளி கிடைத்தால் நல்லது. குடிக்க வைத்திருக்கிற தண்ணீரை இதற்கு எடுக்க வேண்டாம்.

இனிக் காயவைப்பது. இந்த வேலை முழுவதிலும் பெரிய விஷயம் இதுதான். ஈர ஹூட்டை மடிக்கக் கூடாது, சுருட்டக் கூடாது, கழற்றிக் கொட்டிலில் போடவும் கூடாது. எங்கள் முதல் ஹூட் அப்படித்தான் போனது: மார்கழி அடைமழையில் நனைந்த சீலையைக் கழற்றிச் சுருட்டி உரப்பைக்குள் வைத்தோம், தைப்பொங்கலுக்கு முதல் நாள் விரித்தபோது மடிப்பு மடிப்பாகக் கறுத்த பூஞ்சணம், கையால் இழுத்தால் கிழிந்தது. துணியின் நடுப்பகுதி கெதியாகக் காய்ந்துவிடும், அதை நம்பாதீர்கள். தையல் விளிம்பையும் ஹூட்டைத் தாங்குகிற கம்பி வளைவில் முட்டுகிற இடத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள், குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. மாரிக்காலத்தில் வெயில் ஒரு மணித்தியாலம் அடித்தால்கூட ஜீப்பை வெளியில் விட்டுப் பக்கத் திரைகளைத் திறந்து விடுங்கள்.

பூஞ்சணம் பிடித்துவிட்டால், மூக்கைக் கட்டிக்கொண்டு வெளியில் வைத்துக் காய்ந்தபடி பிரஷால் தட்டி, பிறகு வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து நனைத்து, அரை மணித்தியாலம் விட்டு அலசி வெயிலில் விடுங்கள். பூஞ்சணம் பெரும்பாலும் அடங்கும், கறுப்புப் புள்ளி முழுவதும் போகாது, அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். கிணற்றுக்குப் போடுகிற குளோரினை எடுத்துப் பூசாதீர்கள், நிறமும் போகும், நூலும் இற்றுப்போகும்.

கறைகளில் காகம் எச்சமிட்டது லேசானது: ஈரத்துணியை மேலே போட்டு ஊறவிட்டு எடுத்தால் வந்துவிடும், காய்ந்ததைச் சுரண்டினால்தான் கெடும். நாவல்பழக் கறைக்கு உடனே பச்சைத் தண்ணீர். கம்பி வளைவிலிருந்து இறங்கின துருக்கறைக்குத் தேசிக்காய்ப்புளியும் உப்பும், ஆனால் முதலில் ஒரு ஒதுக்கான மூலையில் போட்டு நிறம் போகிறதா என்று பாருங்கள், போட்ட பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பாலைப்பழக் காலத்தில் பாலை மரத்துக்குக் கீழே வாகனத்தை விடாமல் இருப்பதுதான் மருந்து. அந்தப் பால் துணியில் காய்ந்தால் ஐஸ்கட்டி வைத்து இறுக்கி உடைத்து எடுக்கலாம், மிச்சம் நிற்கத்தான் செய்யும். மண்ணெண்ணெய் போட்டால் பால் கரையும், கூடவே காப்பும் கரைந்து எண்ணெய் வட்டம் நிற்கும், ரெக்சின் என்றால் இறுகி வெடிக்கத் தொடங்கும்.

காய்ந்த ஹூட்டில் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் காப்பு இருக்கிறது. துணி கறுத்து உறிஞ்சினால் காப்பு முடிந்தது. துணிக்கென்றே விற்கிற நீர்காப்பு ஸ்பிரே கிடைத்தால், கண்ணாடியையும் பெயின்றையும் மூடிவிட்டு, காற்றில்லாத நேரத்தில் மெல்லிதாக இரண்டு தடவை அடித்து, ஒரு நாள் முழுவதும் நனையாமல் விடுங்கள். கிடைக்காவிட்டால், பருத்திக் கன்வஸுக்கு மட்டும், பழைய காலத்துப் படிகார முறை இருக்கிறது. ஒரு லீற்றர் சுடுதண்ணீருக்கு 60 கிராம் கட்டிச் சவர்க்காரம் சீவிக் கரைத்துப் பூசிக் காயவிட வேண்டும். பிறகு அதே அளவு தண்ணீரில் 60 கிராம் படிகாரம் கரைத்து அதற்குமேல் பூசிக் காயவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து நூலுக்குள் தண்ணீரில் கரையாத ஒரு மெழுகுபோலப் பிடிக்கும். சவர்க்காரத் தூளில் இது நடக்காது, உண்மையான சவர்க்காரம்தான் வேண்டும். கம்பிகளில் படிகாரத் தண்ணீர் படாமல் பாருங்கள், துருப்பிடிக்கும், அதனால் ஹூட்டைக் கழற்றிக் கொடியில் விரித்துச் செய்வது நல்லது. ஸ்பிரே அளவுக்கு நாள் நிற்காது, ஆனால் ஒரு மாரிக்குப் பெரிய உதவி.

பின்பக்கத்துப் பிளாஸ்டிக் ஜன்னலைக் காய்ந்த துணியால் துடைக்கிற பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள். தூசியோடு துடைத்த ஒவ்வொரு தடவையும் ஒரு கீறல், பிறகு பின்னால் வருகிற பஸ் புகைபோலத் தெரியும். நிறையத் தண்ணீர் ஊற்றி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். கண்ணாடி துடைக்கிற மருந்துகளில் சில பிளாஸ்டிக்கை மங்கச் செய்யும், அவையும் வேண்டாம். சுருட்டி வைக்கிறதென்றால் நடுவில் ஒரு பழைய வேட்டித் துண்டை வையுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் பிளாஸ்டிக் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும்.

ஓட்டோ வைத்திருக்கிற தம்பிமாருக்கு: ரெக்சினுக்குச் சவர்க்காரத் தண்ணீரும் ஈரத்துணியும் காணும், படிகாரம் ஒன்றும் வேண்டாம். அதை இறுக்கி வெடிக்க வைப்பது வெயில். யுத்தம் முடிந்த நேரம் இடம்பெயர்ந்த சனம் இருந்த செட்டிகுளம் முகாமில் தறப்பாள் வெயிலில் எப்படி உதிர்ந்தது என்று பார்த்த சனத்துக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மினுமினுப்புக்கு எண்ணெய் பூசினால் தூசிதான் ஒட்டும். ஸ்ராண்டில் நிற்கிற நேரம் வேம்பு நிழல் பிடியுங்கள்.

துணி நல்லாக இருக்க நூல் முதலில் போவது எங்கள் வெயிலில் வழமை. வருடத்துக்கு ஒருக்கால் ஒவ்வொரு தையலையும் விரலால் இழுத்துப் பாருங்கள், நாலு தையல் விட்டுப்போன இடத்தை அன்றைக்கே தையுங்கள். பருத்தி நூலும் நைலோன் நூலும் வெயிலுக்கு நிற்காது, தைக்கிறவரிடம் பொலியெஸ்டர் நூல் கேட்டு வாங்குங்கள், பழைய துளையிலேயே ஊசி இறக்கச் சொல்லுங்கள், புதுத் துளை போட்டால் அதாலும் ஒழுகும். தைத்து முடிந்ததும் அந்த வரிசைக்குமேல் மெழுகுதிரியை அழுத்தித் தேய்த்து, வெயிலில் ஒரு பொழுது விட்டால் மெழுகு இளகித் துளைக்குள் இறங்கிவிடும்.