ஒரு மாத விடுமுறைக்குள் பல் இம்ப்ளான்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பல் மருத்துவம் பார்க்கிறவர்கள் நோயாளியின் வயதையும் சர்க்கரை அளவையும் குறித்துக்கொள்வதோடு, விமானத் தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. குளச்சல் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், வாயைத் திறப்பதற்கு முன்பே கைப்பேசியை எடுத்து, திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்குத் திரும்பும் நாளைக் காட்டினார். 26 நாள்கள் மீதம் இருந்தன. கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லை அவர் பிடுங்கி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இம்ப்ளான்ட், அதாவது பல் போன இடத்தில் தாடை எலும்புக்குள் பொருத்தும் டைட்டானியத் திருகு, வைத்துக்கொள்ள வருகிறவர்களிடம் நான் காணும் தவறுகளில் பெரும்பாலானவை இப்படிக் காலக்கணக்கில் நேர்பவையே.

முதல் தவறு, பல் போன இடத்தை அப்படியே விட்டுவிடுவது. வலி நின்றுவிடுகிறது, மறுபக்கத்தில் மென்று பழகிக்கொள்கிறோம், ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. ஆனால் வேரைத் தாங்குவதற்காக இருந்த எலும்பு, வேர் போனபின் கரையத் தொடங்குகிறது. அதன் அகலத்தில் ஏறத்தாழப் பாதி முதல் ஓராண்டுக்குள் போய்விடக்கூடும். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே போகிறது. குளச்சல்காரரின் எக்ஸ்-ரேயில் பின்பல் வெற்றிடத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது; மேல்பல் எதிரே தடுக்க ஆளில்லாமல் கீழிறங்கியிருந்தது. இடைவெளியின் உயரமும் அகலமும் குறைந்துவிட்டதால், மூன்று மாதத்தில் வந்திருந்தால் ஒரு இம்ப்ளான்ட்டோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, மூன்று பற்களின் வேலையாக வளர்ந்துவிட்டது. மேல்தாடையின் பின்பகுதியில் இப்படித் தாமதித்தால், அதற்கு மேலே உள்ள சைனஸ் என்னும் காற்றறையின் தரையை உயர்த்தி எலும்புத்தூள் வைக்க வேண்டிய நிலையும் வரலாம்.

இரண்டாவது தவறு இதற்கு நேர்மாறானது, என் பார்வையில் இதைவிட ஆபத்தானது. தொடங்கியபின் அவசரப்படுவது. ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் பிரோனெமார்க் 1950-களில் முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முயன்றபோது, எலும்பு அதைப் பற்றிக்கொண்டு விட மறுத்ததைக் கண்டார். 1965-இல் அவர் முதன்முதலாக இம்ப்ளான்ட் பொருத்திய மனிதர், 2006-இல் இறக்கும்வரை அவற்றோடு வாழ்ந்தார். டைட்டானியத் திருகின்மேல் எலும்பு வளர்ந்து ஒட்டும் இந்த நிகழ்வே இம்ப்ளான்ட்டின் முழு அடிப்படை. அதற்குக் கீழ்த்தாடையில் பொதுவாக மூன்று மாதமும், எலும்பு மென்மையான மேல்தாடையில் நான்கு முதல் ஆறு மாதமும் ஆகும்.

பலருக்குத் தெரியாத ஒரு விவரம் இங்கே உண்டு. பொருத்திய அன்று திருகு மரத்தில் முடுக்கியதுபோல இறுக்கமாகவே இருக்கும். பிறகு அதைச் சுற்றியுள்ள பழைய எலும்பை உடல் அரித்தெடுத்துப் புது எலும்பை இடத் தொடங்குகிறது. பழையது போய்ப் புதியது முற்றாத அந்த இடைவேளையில், ஏறக்குறைய இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம் வரை, திருகின் பிடிப்பு முதல்நாளைவிடக் குறைந்திருக்கும். தையல் பிரித்து, வீக்கம் வற்றி, 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று நோயாளி எண்ணி ஏத்தங்காய் சிப்ஸைக் கடித்துப் பார்ப்பதும் அதே வாரங்களில்தான். ஏறத்தாழ இரண்டு தலைமுடிப் பருமன் அளவுக்குத் திருகு அசைந்துகொண்டிருந்தாலே போதும், எலும்புக்குப் பதில் வெறும் நார்த்திசு சூழ்ந்துகொண்டு இம்ப்ளான்ட் கழன்றுவிடும்.

சில நாள்களிலேயே பல் கட்டித் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்பி வருகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். எலும்பு அடர்த்தியாக இருந்து, முதல் பிடிப்பு வலுவாக அமைந்தால், உடனே தற்காலிகப் பல் பொருத்துவது தகுந்த முறையே. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியது எலும்பின் தன்மை. விடுப்பின் நீளம் அன்று. வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் இதை இரண்டு விடுமுறைகளாகப் பிரித்துக்கொள்வதே நல்லது. முதல் விடுமுறையில் வந்திறங்கிய வாரமே ஸ்கேன் எடுத்து, இம்ப்ளான்ட் பொருத்தி, ஈறை மூடித் தையல் போட்டுவிடலாம். அடுத்த விடுமுறையில் அளவெடுத்து, அதன்மேல் பல் வடிவக் கேப் மாட்டலாம். ஈறுக்கடியில் ஓராண்டு கிடப்பதால் இம்ப்ளான்ட் கெட்டுப்போவதில்லை.

மூன்றாவது, உடல்நிலையை அன்றைய நாளை மட்டும் வைத்துக் கணிப்பது. காலையில் வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை சரியாக இருந்தது என்பது போதாது. ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி தேவை. அது 8-ஐத் தாண்டினால் நான் அறுவையைத் தள்ளிவைப்பேன். எலும்புத் தேய்மானத்துக்காக ஆண்டுக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ளும் பெண்களிடம் 'மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா' என்று கேட்டால், 'இல்லை' என்றே பதில் வருகிறது, ஏனெனில் அது மாத்திரை இல்லை. ஆனால் அம்மருந்து எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். அறுவைக்குப்பின் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் அபாயம் அரிதாக உண்டு. ஆகவே ஊசியையும் சொல்லுங்கள். இதயத்துக்காக இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது. புகைப்பவர்களும், வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களும் குறைந்தது ஒரு வாரம் முன்பும் இரண்டு மாதம் பின்பும் விட்டிருக்க வேண்டும். அதன்பின் தொடாமலே இருந்துவிட்டால் மிக நல்லது.

தொலைபேசியில் 'ஒரு பல்லுக்கு எவ்வளவு' என்று கேட்டு, குறைந்த விலை சொன்ன இடத்துக்குப் போவதும் தவறு. அந்தத் தொகை திருகுக்கு மட்டுமா, நடுவில் வரும் இணைப்புக்கும் கேப்புக்கும் சேர்த்தா என்று எழுதி வாங்குங்கள். முப்பரிமாண ஸ்கேன் எடுக்காமல் கீழ்த்தாடையின் பின்பகுதியில் துளையிடச் சம்மதிக்காதீர்கள். உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அங்கேதான் ஓடுகிறது. எல்லா இடைவெளிக்கும் இம்ப்ளான்ட் வேண்டும் என்பதுமில்லை. இருபக்கப் பற்களிலும் ஏற்கெனவே கேப் இருந்தால், அவற்றைத் தாங்கலாகக் கொண்டு கட்டும் பிரிட்ஜ் போதுமானதாக இருக்கலாம். தாடை வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு இம்ப்ளான்ட் வைக்கவே கூடாது.

கடைசித் தவறு, டைட்டானியம் சொத்தையாகாது என்பதால் கவனிக்க வேண்டியதில்லை என்று நினைப்பது. சொத்தை வராது, ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் சீழ்பிடிக்கலாம். இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள மெல்லிய நார்ப்படலம் இங்கே இல்லாததால் வலியும் முந்திக்கொண்டு எச்சரிப்பதில்லை. துலக்கும்போது இரத்தம் கசிவதே முதல் அறிகுறி. மீன் முள்ளோ இறைச்சித் துணுக்கோ சிக்கினால் ஈர்க்கில் கொண்டு குத்தாமல், பல்லிடுக்குத் தூரிகையைப் பயன்படுத்துங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள்.

ஒவ்வொரு இம்ப்ளான்ட்டும் நிறுவனம், விட்டம், நீளம், தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கரோடு வருகிறது. ஒரு நிறுவனத்தின் இணைப்பு இன்னொன்றின் திருகில் பெரும்பாலும் பொருந்தாது. பத்தாண்டு கழித்து வேறொரு நாட்டில் கேப் தளர்ந்தால், அங்குள்ள மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த ஸ்டிக்கரைத்தான். குளச்சல்காரர் அதைத் தம் கடவுச்சீட்டின் உறைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு படத்தை மனைவியின் கைப்பேசிக்கும் அனுப்பிவிட்டுப் புறப்பட்டார்.